யூலியானாவின் காய்ச்சல் அட்டை

அல்லைப்பிட்டியில் யாகப்பரின் பெண்சாதி யூலியானா என்றால் தெரியாத ஆளில்லை. பிறந்தது நாரந்தனையில். நண்டுவலைச் சூசைப்பிள்ளையின் நாலு பெட்டைகளில் மூன்றாவது. மூத்தவள் பேசாலைக்குக் கட்டிப் போனாள். இரண்டாமவள் இந்தியாவுக்குப் போன வள்ளத்தோடு போனவள்தான், பிறகு ஒரு சேதியும் இல்லை. கடைசி கனடாவில். யூலியானாவை மட்டும் தகப்பன் கூப்பிடு தூரத்தில் கொடுத்தார். ஆனால் தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊர் கிளம்பி ஓடியபோதும், இரண்டாயிரத்து ஆறில் மறுபடி ஓடியபோதும் தகப்பனைக் கூப்பிட அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. இரண்டு முறையும் சோறு அடுப்பில் கிடக்க ஓடியவள். அந்தக் காலத்திலிருந்தே படலைக்கு முன்னால் ஒரு வாகனம் வந்து நின்றால் அவளுக்கு வயிறு கலங்கும். வருவது தபால்காரனின் மோட்டார்சைக்கிள் என்றாலும் சரிதான்.

இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. யாகப்பருக்கு அறுபத்தாறு. ஒரே மகன் றெக்ஷன் பிரான்சில். யாகப்பருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம். பனி விழத் தொடங்கினால் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துவதுபோலக் கீச்சிடும். அந்த நெஞ்சோடுதான் போன வருஷம்வரைக்கும் நண்டுவலைக்குப் போனார்.

அவர்கள் வீட்டிலே ஒரு பயம் குடியிருந்தது. அது வந்தது அவர்களோடு இருந்த யாகப்பரின் தமக்கை அல்போன்சம்மாவால். கொரோனாக் காலத்தில், தைப்பொங்கல் கழிந்த கிழமை, அல்போன்சம்மாவுக்கு இருமல். வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். படலையில் ஒரு தாளை ஒட்டினார்கள். பதினாலு நாள் அந்தப் படலை திறக்கவில்லை. ஆறாம் நாள் ரெலிபோன் வந்தது, ஆள் முடிந்துவிட்டா என்று. உடலைத் தரமாட்டார்கள். அப்போதைய சட்டம் அப்படி. சைவம், கத்தோலிக்க வேதம், இஸ்லாம் என்றில்லை, எல்லாருக்கும் நெருப்புத்தான். சேமக்காலையில் தாயின் குழிக்குப் பக்கத்தில் தனக்கென்று இடம் காட்டி வைத்திருந்த மனுஷி அவ. யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் எரித்தார்கள். முகம் பார்க்கவும் விடவில்லை.

"கடைசி நாளிலை ஆண்டவர் வந்து எழும்பச் சொல்ல, அக்கா எதை எடுத்துக்கொண்டு எழும்புவா?" என்று யாகப்பர் நிலத்தில் இருந்து அழுதார். சாம்பலையும் ஆண்டவர் எழுப்புவார் என்று பங்குச் சுவாமி சொன்னார். யாகப்பர் தலையை ஆட்டினார். நம்பவில்லை.

அது நடந்து சில வருஷங்கள் போய், போன வருஷம் விபூதிப் புதனுக்கு முந்திய கிழமை சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம். சளிக்காய்ச்சலுக்குப் புதிதாக ஒரு தடுப்பூசி செய்கிறார்களாம். அதைப் போட்டுப் பார்க்க ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் வேண்டுமாம். வந்த டொக்டர் நல்ல தமிழில்தான் சொன்னார்.

"இந்தச் சளிக்காய்ச்சல் கிருமி வருஷத்துக்கு வருஷம் சட்டை மாத்திற கள்ளன். போன வருஷச் சட்டையைப் பார்த்துச் செய்த ஊசி இந்த வருஷக் கள்ளனைப் பிடிக்காது. அதுதான் புதுசு புதுசாய் செய்யவேண்டிக் கிடக்கு. உங்களிலை பாதிப் பேருக்கு மருந்து போடுவம். பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. ஆருக்கு எதெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியிலைதான் உறை உடைச்சுப் பார்ப்பம்."

கடைசி வாங்கில் இருந்த ஜசிந்தா எழும்பினாள். யாகப்பரின் தங்கச்சி. வாய் சும்மா கிடக்காது. "டொக்டர், உப்புத்தண்ணி குடுக்க யாழ்ப்பாணத்திலையிருந்து ஏன் வந்தனீங்கள்? எங்கடை வாசலிலையே கடல் கிடக்குது."

கூட்டம் சிரித்தது. மருந்தை எதிலே செய்கிறது என்று யாரோ கேட்க, கோழிமுட்டைக்குள் கிருமியை வளர்த்து, பிறகு அதைச் சாகடித்து என்று டொக்டர் தொடங்கினார். ஜசிந்தா மறுபடியும் எழும்பினாள். "முட்டையோ? ஊசி போடுறது வெள்ளிக்கிழமை எண்டல்லோ சொன்னனீங்கள்? தவக்கால வெள்ளியிலை எங்களுக்குச் சுத்தபோசனம், இறைச்சி முட்டை தொடமாட்டம். முறிஞ்சுபோகாதோ?"

சுவாமியைக் கேட்டு, கையால் ஏறுகிற முட்டைக்குத் தடையில்லை என்று ஆன பிறகுதான் அரைவாசிச் சனம் பெயர் கொடுத்தது.

யாகப்பர் வரமாட்டேன் என்றுதான் நின்றார். ஆனால் முட்டுக்காரருக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் நெஞ்சுக்குள் இறங்கிக் கொல்லும் என்று டொக்டர் சொன்னது யூலியானாவின் காதுக்குள்ளேயே நின்றது. இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்து, அவரையும் இழுத்துக்கொண்டு போய் இரண்டு பேருமாக ஊசி போட்டுக்கொண்டார்கள். ஜசிந்தாவோ கேள்வி கேட்டதோடு சரி, பெயர் கொடுக்கவில்லை.

ஊசி போட்டது தாதி பிரியவதனி மிஸ்ஸி. சுருவில் ஊர்ப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், சைவப் பெட்டை. ஆளுக்கொரு தேமாமீற்றரும் ஒரு அட்டையும் தந்தா. ஒவ்வொரு விடியலும் காய்ச்சல் பார்த்து இலக்கத்தை எழுதவேண்டும். நூறைத் தாண்டினால், இருமினால், உடனே ரெலிபோன் அடிக்கவேண்டும். மிஸ்ஸி வந்து மூக்குக்குள் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவா.

"மாதிரிக்கு எழுதிக் காட்டுறன், பாருங்கோ அம்மா," என்று தன் சூட்டைப் பார்த்து எழுதினா: 98.4.

யாகப்பர் விடியமுன்னம் கடலுக்குப் போகிறவர். அதனால் இரண்டு அட்டையும் யூலியானாவின் பொறுப்பு. முதல் பத்து நாள் ஒழுங்காகப் பார்த்து எழுதினாள். பிறகு, ஒன்றுமில்லைத்தானே என்று, தேமாமீற்றரை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கிற நேரத்தில் இரண்டு அட்டையிலும் 98.4 போட்டுவிடுவாள். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் இலக்கம் வடிவாக எழுதுவாள்.

குருத்தோலை ஞாயிறு பின்னேரம் அவளுக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல நோ. திங்கள் விடிய அலுமாரியைத் திறந்து தேமாமீற்றரை எடுத்தாள். நூற்றொன்று. அட்டையின் அடியில் மிஸ்ஸியின் நம்பர் பெரிதாக எழுதிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பரை அடித்தால் வாகனம் வரும். வாகனம் வந்தால் படலையில் நிற்கும். படலையில் நின்றால் தாள் ஒட்டுவார்கள், சனம் வேலிக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும், நண்டு வாங்குகிறவன் வரமாட்டான். பிறகு வெள்ளை உடுப்பு. பிறகு நெருப்பு.

வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்தாள். அட்டையில் 98.4 என்று எழுதினாள்.

செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல் விட்டது. பார்த்தீரோ, ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முற்றம் கூட்டினாள். கூட்டிக்கொண்டு நிற்க, கடலால் வந்த யாகப்பர் வலையைத் தோளிலிருந்து இறக்காமல் வேலியைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

தும்புத்தடி அவள் கையிலிருந்து விழுந்தது.

பெரிய வியாழன் அவருக்கு நூற்றிரண்டு. நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்தத் தொடங்கிவிட்டது. முட்டு மருந்துப் பம்மை வாயில் வைத்து வைத்து இழுத்தார், முட்டு அடங்கவில்லை. யூலியானா மெதுவாகச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, மிஸ்ஸிக்கு ஒருக்கால் அடிச்சுப் பாப்பமோ?"

அவர் எழும்பிப் போய்ச் சுவரிலிருந்த பாடுபட்ட சிலுவைச் சுரூபத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"இதிலை கையை வையும்."

"என்னத்துக்கு?"

"வையும் எண்டுறன். என்னை அவங்களிட்டைக் குடுக்கமாட்டன் எண்டு சொல்லும். செத்தால் இஞ்சை சாகிறன். அம்மாவுக்குப் பக்கத்திலை தாட்டுவிடும். அக்காவைப்போல என்னை எரிக்க விடாதையும்."

"அந்தச் சட்டம் இப்ப இல்லையாமெல்லோ..."

"சட்டம் ஒரு நாள் விடியத்தான் வந்தது. முதல்நாள்வரைக்கும் இல்லாததுதான் அதுவும்."

யூலியானா சுரூபத்தில் கையை வைத்தாள். சத்தியம் சொன்னாள். சுரூபத்தின் கால்மாடு குளிர்ந்துபோய்க் கிடந்தது. அட்டையில் அன்றைக்கும் இரண்டு 98.4.

பெரிய வெள்ளி மத்தியானம். அன்றைக்குக் கோயில் மணி அடிப்பதில்லை, மரக்கிலுக்கிதான். கடகடவென்று அது ஒழுங்கை வழியாகப் போக, சனம் முழுக்கச் சிலுவைப்பாதைக்குப் போய்விட்டது. ஊரிலே நாயும் காகமும்தான். யாகப்பர் கட்டிலின் விளிம்பில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். படுக்க ஏலாது. ஒரு சொல் சொல்லி, நிறுத்தி, மூச்செடுத்து, அடுத்த சொல்.

கறுப்புச் சீலையோடு ஜசிந்தா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். "மச்சாள், சுரூபத்துக்கு முத்தம் குடுக்க எல்லாரும் வரிசையிலை நிக்கினம், உங்களைக் காணேல்லை எண்டு..." வாசலிலே நின்றுவிட்டாள். "ஐயோ, அண்ணைக்கு என்ன?"

"காய்ச்சல். மூண்டு நாள்."

ஜசிந்தா தமையனின் கையைத் தூக்கிப் பார்த்தாள். நகமெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. அவள் குரல் தாழ்ந்து போயிற்று. எல்லாத்துக்கும் பகிடி விடுகிறவளுக்குப் பகிடி வரவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ மச்சாள். அக்காவுக்கு நடந்தது தெரியுந்தானே. நான் போய் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வாறன். கதவைச் சாத்தி வையுங்கோ."

அவள் போனாள். யூலியானா கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரே சத்தம், யாகப்பரின் மூச்சு. அவள் அவரைப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து ஒடுங்கின. இது தான் தினமும் பார்க்கிற காட்சி என்று அவளுக்குத் திடீரென்று தெரிந்தது. வள்ளத்துத் தட்டிலே கொட்டின மீன் செவுளைத் திறந்து திறந்து மூடுமே, அதுதான். அந்த மீன் எவ்வளவு நேரம் கிடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷமாக அதைக் கணக்குப் பார்த்துத்தானே கூடையைக் கொண்டுபோய்க் கரையில் நிற்கிறாள்.

சுரூபம் மேசையில் கிடந்தது. அதைச் சீலைத் தலைப்பால் மூடினாள். பிறகு ரெலிபோனை எடுத்தாள். நம்பர் இரண்டு தரம் பிழைத்தது.

"ஹலோ, ஆர்?"

"மிஸ்ஸி, நான் அட்டையிலை பொய் எழுதிப்போட்டன்."

பெயரைச் சொல்லவில்லை, வருத்தத்தைச் சொல்லவில்லை, அதைத்தான் முதல் சொன்னாள். "யூலியானா அம்மாவோ? எனக்குத் தெரியும், ஒரு மனுசருக்கு ஒவ்வொரு நாளும் ஒரே சூடு வராது. இப்ப ஆருக்கு?"

"அவருக்கு. மூச்சு ஏலாமல் கிடக்கு."

"வாறன்."

லீவு நாள். ஆனாலும் அரை மணித்தியாலத்துக்குள் ஸ்கூட்டி படலையில் நின்றது. யாகப்பர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு யூலியானாவைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் செத்தாலும் மறக்கமாட்டாள். பேச மூச்சில்லாதபடியால் கண்ணாலே கேட்டார்: சத்தியம்?

பிரியவதனி முகமூடியைக் கட்டிக்கொண்டு வந்து, அவர் விரலிலே கிளிப்புப்போல ஒன்றை மாட்டிப் பார்த்தா. ஒட்சிசன் எண்பத்துநாலுதான். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துக் குழாய்க்குள் போட்டு மூடினா. அம்புலன்சுக்கு அடித்தா. எல்லாம் ஒரு மூச்சில் முடிந்தது.

"எப்ப தொடங்கினது அம்மா?"

"அவருக்குப் புதன். எனக்கு ஞாயிறு பின்னேரம்."

"உங்களுக்கும் வந்ததோ? ஞாயிறோ?" பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்டைக்குச் சொல்லியிருந்தால் உங்களைத் தனிய வைச்சு, ஐயாவுக்குக் காய்ச்சல் துடங்கின உடனேயே குளிசை குடுத்திருக்கலாம். அந்தக் குளிசை முதல் ரண்டு நாளுக்குள்ளைதான் வடிவாய் கேட்கும்."

யூலியானா கதிரையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைப் பிறகு பேசும் பிள்ளை. ஒண்டைச் சொல்லும். அவர் செத்துப்போனால் எரிப்பினமோ?"

பிரியவதனி நிமிர்ந்து பார்த்தா. அப்போதுதான் அந்தப் பிள்ளைக்கு விளங்கியது, 98.4 எங்கே இருந்து வந்ததென்று. "இல்லையம்மா. அந்தச் சட்டம் எப்பவோ எடுத்தாச்சு."

"நாளைக்கு விடியப் புதுசா ஒண்டு வராதெண்டு நீர் சத்தியம் பண்ணுவீரோ?"

"பண்ண ஏலாது," என்றா அவ. பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "ஆனா அம்புலன்சிலை நான் கூட ஏறுவன். ஐயா வாட்டிலை படுக்கிறவரைக்கும் இறங்கமாட்டன். உங்களையும் ஏத்துவன். அதுக்கு வேணுமெண்டால் சத்தியம் பண்ணுறன்."

அம்புலன்ஸ் வந்து நிற்க, கோயிலிலிருந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையும் உடுத்து, வேலியோரமாக நின்றார்கள். யூலியானாவுக்கு அல்போன்சம்மாவைக் கொண்டுபோன நாள் கண்ணுக்குள் வந்து நின்றது. அதே படலை, அதே சனம். ஜசிந்தா மட்டும் ஓடி வந்து, "என்ன வேலை பாத்தனீங்கள் மச்சாள்!" என்று கத்தினாள். யூலியானா திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். பண்ணைப் பாலம் தாண்டும்வரை அவர் கையை விடவில்லை. கை வெந்துகொண்டிருந்தது, ஆனால் அவர் விரல்கள் அவளைப் பிடிக்கவில்லை.

ஆசுப்பத்திரியில் பதினொரு நாள். முதல் நாலு நாள் டொக்டர்மார் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒட்சிசன் முகமூடிக்குள்ளே யாகப்பர் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். கண்ணைத் திறந்தால் யூலியானா நிற்கிற பக்கம் பார்க்கமாட்டார். உயிர்த்த ஞாயிறு மணிச்சத்தம் ரவுண் பக்கமிருந்து கேட்டபோது அவள் வாட்டு வாசலில் நின்று அழுதாள். மனுஷன் செத்தால் சத்தியத்தை முறித்த பாவம், பிழைத்தால் பேச்சில்லாத வீடு என்று நினைத்தாள்.

ஐந்தாம் நாள் முகமூடியைக் கொஞ்ச நேரம் கழற்றினார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்ரை வலையை ஆர் எடுத்து வைச்சது?"

"ஜசிந்தா."

"அவள் முடிச்சுப் போட்டு வைச்சிருப்பாள்."

அவ்வளவுதான். சத்தியத்தைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை.

அந்தப் பின்னேரம் பிரியவதனி அட்டைகளோடு வந்தா. நடையிலிருந்த வாங்கில் இரண்டு பேரும் இருந்தார்கள். யூலியானா கையோடு ஒரு அழிறப்பர் கொண்டுவந்திருந்தாள். பிரியவதனி அதை வாங்கி ஒரு பக்கத்தில் வைத்தா.

"அழிக்கக்கூடாது அம்மா. பிழையிலை ஒரு கோடு கீறுங்கோ. கீழை கிடக்கிறது தெரியவேணும். பக்கத்திலை உண்மையை எழுதி, கையெழுத்து வைச்சு, இண்டையத் திகதி போடுங்கோ."

"ஏன் பிள்ளை, என்ரை பொய்யை எல்லாரும் பாக்கவோ?"

"பாக்கத்தான். நீங்கள் காய்ச்சலை ஒளிச்சால், உங்களுக்குப் போட்டது நல்ல மருந்தெண்டு கணக்கு வரும். உங்களைப்போல ஐம்பது பேர் ஒளிச்சால், ஒண்டுக்கும் உதவாத மருந்தை நல்லதெண்டு ஊர் ஊராய்ப் போடுவினம். அதை நம்பி ஒரு முட்டுக்காரர் இருப்பார்."

யூலியானா பேனையை வாங்கிக் கோடு கீறத் தொடங்கினாள். திங்கள்: 101. செவ்வாய்: 100.6. யாகப்பரின் வியாழன்: 102. அதற்கு முந்திய கிழமைகளில் பார்க்காமலே எழுதிய நாட்களுக்கு என்ன செய்வது என்று கேட்டாள். "பார்க்கவில்லை எண்டு எழுதுங்கோ." இருபத்தைந்து நாள், இரண்டு அட்டையிலும். ஐம்பது தரம் "பார்க்கவில்லை" என்று எழுதி ஐம்பது கையெழுத்து வைத்தாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட அவளுக்கு அவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

யாகப்பரின் சளியிலே இருந்தது சட்டை மாத்தின கள்ளன்தானாம். கொழும்பில் பார்த்துவிட்டு, அடுத்த ஊசிக்கு உதவும் என்று வெளிநாட்டுக்கும் அனுப்பினார்களாம். வீட்டுக்கு வந்த பிறகு அதைக் கேட்ட ஜசிந்தாவுக்குப் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. "றெக்ஷன் விசா கிடைக்காமல் நாலு வருஷம் அலைஞ்சான். அவன்ரை தேப்பன்ரை மூக்குச்சளி ஒரு கிழமையிலை போயிட்டுது!" யாகப்பர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமெடுத்தது. யூலியானா அந்த நேரம் முழுக்கவும் அவருடைய நகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அட்டை ஆவணி முடியும்வரை எழுதவேண்டியது. அவள் எழுதினாள், தினமும் பார்த்து. 97.9. 98.2. 98.6. இலக்கம் ஏறினாலும் பயம், ஒரே மாதிரி இரண்டு நாள் வந்தாலும் பயம்.

ஆடி மாதம் ஒரு விடியல் தேமாமீற்றர் நூறு தசம் நாலு காட்டியது. உதறிவிட்டு மறுபடி வைத்தாள். அதேதான். தொண்டை கரகரத்தது. யாகப்பர் முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நெஞ்சு பழையபடி இல்லை, கரை வலையோடு சரி. அவர் பக்கம் போகாமல், வாயைச் சீலையால் மூடிக்கொண்டு, குசினி வாசலில் நின்றே சொன்னாள்:

"எனக்குக் காய்ச்சல். நீங்கள் கிட்ட வராதேங்கோ. நான் மிஸ்ஸிக்கு அடிக்கப்போறன்."

யாகப்பரின் கையில் வலையூசி அப்படியே நின்றது. வேணாம் என்று சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் படலையைப் பார்த்தார். பிறகு குனிந்து முடிச்சைப் போட்டார்.

"அட்டையிலை எழுதியாச்சோ?" என்றார்.

"ஓம்."

அன்றைக்கு மிஸ்ஸி ஸ்கூட்டியில் வரவில்லை, ஆராய்ச்சிக்காரரின் வெள்ளை வான் வண்டியில் வந்தா. ஒழுங்கை முனையில் அது திரும்புகிற சத்தம் கேட்டதுமே யூலியானாவுக்கு வயிறு கலங்கிவிட்டது. தொண்ணூறும், இரண்டாயிரத்து ஆறும், அல்போன்சம்மாவும் அந்தச் சத்தத்துக்குள்ளே இருந்தார்கள். அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அயலெல்லாம் பார்க்க, அவளே போய்ப் படலையின் கொக்கியைக் கழற்றினாள். கொக்கி இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம்தான் கழன்றது.